நாற்பது மொட்டையும் ஒரு பட்டமும்

மலையிலிருந்து வந்த பஸ் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றது. முதலில் ஒரு மொட்டை இறங்கியது. பின்னாலேயே இன்னொரு மொட்டை. அதன் பிறகு அப்பா மொட்டை, அம்மா மொட்டை, அம்மாவின் இடுப்பில் ஒரு குட்டி மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம் பளபளத்தது.

கேசியா கையிலிருந்த கிளிப் அட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஜெயபிரகாஷின் கோழிக் கிறுக்கலில் வரிசையாக எழுதியிருந்தது. ஒன்று, சுருட்டை முடி. இரண்டு, நடு வகிடு, பெரிய மீசை. மூன்று, இடுப்பு வரை பின்னல். இப்படியே நாற்பது வரைக்கும்.

அட்டையிலிருந்து நிமிர்ந்து மறுபடியும் பஸ்ஸைப் பார்த்தாள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"ஜேபி, இதுல சுருட்ட முடி யாரு?"

"தெரியலயே."

"பெரிய மீச?"

"மீசயும்தான் போச்சே."

கேசியா அட்டையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மொட்ட அடிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கே மூணு தடவ அடிச்சிக்கிறாங்க. எங்க விஜயபுரத்துல மொட்ட அடிக்காத வீடு ஏது?"

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீ அடையாளம் எழுதுன்ன. நான் எழுதினேன். நாளைக்கும் இருக்கற அடையாளமா எழுதுன்னு சொன்னியா?"

சித்தூர்க்காரர்களுக்கு மொட்டை என்பது பால் வண்டி மாதிரி, தினமும் ரோட்டில் போகிற ஒன்று. தினமும் பார்ப்பதை யாரும் யோசிப்பதில்லை. போதாக்குறைக்குக் கேசியா பழைய மிஷன் சபைக் குடும்பம். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவரும் மொட்டை போட்டதில்லை. பொருளாதாரப் புத்தகங்களும் இந்த ஆபத்தைப் பற்றி எங்கேயும் எச்சரிக்கவில்லை.

இருவரும் சித்தூரில் ஹானர்ஸ் பொருளாதாரம் கடைசி வருஷம். சேர்ந்து செய்யும் ப்ராஜெக்டின் பெயர் ‘காத்திருப்பின் விலை’. வரிசையில் நிற்பதை மனிதர்கள் எவ்வளவு பாரமாக நினைக்கிறார்கள், சாமி பார்த்துவிட்டு வந்தபின் அதே மனிதர்களுக்கு அந்தப் பாரம் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கேள்வி. அதே மனிதர்கள் என்பதில்தான் ப்ராஜெக்டின் உயிரே இருந்தது. நேற்று மலைக்குப் போக நின்றவர்களில் நாற்பது பேரிடம் கேட்டாயிற்று. இன்று இறங்கி வரும்போது அதே நாற்பது பேரிடம் இரண்டாம் சுற்று கேட்க வேண்டும்.

பெயரும் போன் நம்பரும் வாங்கக் கூடாது என்று வழிகாட்டிப் பேராசிரியை ஸ்வர்ணலதா மேடம் சொல்லியிருந்தார். அது ஆராய்ச்சி தர்மமாம். கேட்டிருந்தாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஓடிபி கேட்கிற கும்பல் என்று நினைத்து ஏற்கெனவே இரண்டு பேர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அதனால்தான் ‘அடையாளம்’ என்று ஒரு கட்டம் போடலாம் என்றாள் கேசியா. நேற்று சாயங்காலம் வரை அந்த யோசனையைப் பற்றி அவளுக்கு ரொம்பப் பெருமை.

"மேடம் நாலு மணிக்கு வராங்க" என்றாள்.

"தெரியும்."

"ரெண்டாவது ரவுண்டு நடக்கறத கண்ணால பாத்தாத்தான் கையெழுத்துன்னாங்க."

"அதுவும் தெரியும்."

ஸ்வர்ணலதா மேடத்துக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. போன வருஷம் ஒரு மாணவன் அறுபது விவசாயிகளின் பதில்களையும் கேன்டீனில் உட்கார்ந்து தானே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். அறுபது விவசாயிகள் மீதும் ஒரே சாம்பார் வாசனை அடித்தது. அன்றிலிருந்து அவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறார்.

கையெழுத்து இல்லையென்றால் திங்கட்கிழமை வைவா இல்லை. வைவா இல்லையென்றால் இந்த வருஷம் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் ஐதராபாத்தில் கிடைத்திருக்கும் எம்.ஏ. சீட்டு வேறு யாருக்கோ போய்விடும். அந்தச் சீட்டுக்காகக் கேசியா படித்த படிப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வேறு அவளுடைய நைனா அசரியா அவசரப்பட்டுவிட்டார். ‘மகள் கேசியாவுக்கு ஐதராபாத்தில் எம்.ஏ. இடம் கிடைத்ததற்காக அசரியா குடும்பத்தாரின் ஸ்தோத்திர காணிக்கை’ என்று சபை ஐயர் ஆராதனையில் மைக்கில் வாசிக்க, சபையே திரும்பி அவளைப் பார்த்தது. ஆண்டவருக்குச் சொன்ன நன்றியைத் திருப்பி வாங்க எந்தச் சபைச் சட்டத்திலும் இடம் இல்லை.

"அழுதுக்கினு நிக்காத. கண்டுபிடிச்சிரலாம்" என்று ஜெயபிரகாஷ் கிளம்பினான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஆளை மறித்தான்.

"அண்ணா, நேத்து உங்களுக்கு முடி இருந்துச்சா?"

அந்த ஆள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இல்லாமயா மொட்ட போட்டேன்?"

"சுருட்டயா, கோரயா?"

அந்த ஆள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

சட்டையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், எல்லோரும் குளித்து உடை மாற்றியிருந்தார்கள். குழந்தைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், நேற்று ரெட்டை ஜடை போட்டிருந்த பெண் எது, கிராப்பு வெட்டியிருந்த பையன் எது என்று பெற்றவர்களே பொட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தேழாம் எண்ணுக்கு நேராக ‘வழுக்கை’ என்று எழுதியிருந்தான் ஜெயபிரகாஷ். நேற்று தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்த அந்த ஒரே மனிதர் இன்று கூட்டத்தில் கலந்து காணாமலே போனார்.

மணி இரண்டைத் தாண்டியது. அகப்பட்டது ஒரே ஒருவர். அவரும் அடையாளத்தால் அகப்படவில்லை. "எங்கம்மா கடல மிட்டாய்? திரும்பி வந்தா தரேன்னியே" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கேசியாவுக்கு உயிர் வந்தது. மனிதர்கள் ஊக்கத்தொகைக்கு அசைவார்கள் என்று முதலாம் ஆண்டிலேயே படித்தது நினைவுக்கு வந்தது.

"நாம தேட வேணாம் ஜேபி. அவங்களே வருவாங்க."

பக்கத்தில் சோடா கடை போட்டிருந்த ரத்தினம்மாவிடம் ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும் இரவல் வாங்கினார்கள். மிட்டாய் ஜாடியை மேசைமேல் வைத்தார்கள். கேசியா காலேஜ் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சர்வேக்கு மேசயெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"ஒரு மரியாதைக்கு ஆண்ட்டி."

ஜெயபிரகாஷ் ஸ்டூல்மேல் ஏறி நின்று கையை வாய்க்குக் குவித்தான். "நேத்து எங்ககிட்ட பேசினவங்கல்லாம் இங்க லைன்ல வாங்க. லைன்ல வாங்க."

ஊர் ஊருக்கு ஒரு மந்திரச் சொல் உண்டு. திருப்பதியில் அந்தச் சொல் ‘லைன்’. இங்கே லைனைக் கண்டால் முதலில் நிற்க வேண்டும், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். யோசித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு முன்னால் பத்துப் பேர் போய்விடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டின் அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு ஒரு பெருங்கூட்டம் வந்தது. எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். வந்த வேகத்தில் அம்சமாக வரிசையில் நின்றார்கள்.

"பாத்தியா?" என்றாள் கேசியா.

முதலில் ஒரு பெரியவர் வந்து கைகட்டி நின்றார்.

"நேத்து நாங்க உங்ககிட்ட பேசினமா?"

பெரியவர் ஒரு நொடி யோசித்தார். மேசையைப் பார்த்தார். கேசியாவின் கழுத்து அட்டையைப் பார்த்தார். "பேசினீங்க மேடம்" என்றார்.

மேடம் என்று அவளை இதுவரை யாரும் அழைத்ததில்லை. "வரிசையில நிக்கறது கஷ்டமா இருந்துச்சா?"

"கஷ்டமா? சேச்சே. எவ்ளோ நேரம்னாலும் நிப்போம் மேடம்."

"காசு கட்டி சீக்கிரம் போறதுக்கு ஒரு வழி இருந்தா போவீங்களா?"

"அது பாவம் மேடம்."

கேசியா நேற்றைய தாள்களைப் புரட்டினாள். நேற்று இதே கேள்விக்கு ஒருவர்கூட இப்படிச் சொல்லவில்லை. கால் கடுக்கிறது என்றார்கள், லீவு இல்லை என்றார்கள், என்ன கொடுத்தாவது சீக்கிரம் போனால் தேவலை என்றார்கள். ஒரே நாளில் மனிதர்கள் இப்படி மாறுவார்களா? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பெரியவர் போகாமல் நின்றார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். "ஆதார் வேணுமா மேடம்?"

"வேணாங்க. பேருகூட கேக்க மாட்டோம்."

பெரியவர் திகைத்துப்போய்ப் பின்னால் திரும்பினார். "ஆதாரே வேணாவாம்" என்றார். அந்தச் செய்தி வரிசையின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிஷம் வரிசை இரண்டு மடங்கு ஆனது.

கூட்டம் நெருக்கியது. குழந்தை அழுதது. யாருடைய மூட்டையோ யாருடைய காலிலோ விழுந்து சண்டை வந்தது. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று தெரியாமல் ஜெயபிரகாஷ் ஒரு தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். சண்டை சட்டென்று நின்றது. சீட்டை வாங்கியவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இவ்ளோ மரியாதயா?" என்றான் ஜெயபிரகாஷ்.

"வாலாட்டாம எழுது."

கையில் தடியோடு பஸ் ஸ்டாண்டு வாட்ச்மேன் வந்தார். மேசை, கழுத்து அட்டை, எண் போட்ட சீட்டு எல்லாவற்றையும் பார்த்தார். "முந்தே செப்பாலி கதா? முன்னாடியே சொல்லியிருந்தா கயிறு கட்டி இருப்பேன் இல்ல?" என்று கோபித்துக்கொண்டு, போய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து கட்டியும் கொடுத்தார். அதன் பிறகு அது யார் கண்ணுக்கும் ஒரு ப்ராஜெக்டாகத் தெரிய வாய்ப்பில்லை.

கேசியாவின் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தபோது அவள் ஐம்பத்திரண்டாவது ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நாங்க உங்ககிட்ட பேசினமா?"

"ரொம்ப நேரம் பேசினீங்க மேடம்."

அவள் குனிந்து ஜெயபிரகாஷின் காதில் சொன்னாள். "ஜேபி, நேத்து நாப்பது பேருதான்."

"ஆமா."

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லல."

"ரெண்டாவது சுத்துல ஆளுங்க கொறைவாங்கன்னு புக்ல இருக்குது. நமக்குக் கூடுறாங்க. இது புது கண்டுபிடிப்பு."

"மிட்டாய்க்காகப் பொய் சொல்றாங்க."

"மிட்டாய் முப்பதாவது ஆளோடயே தீந்துபோச்சே."

கேசியா காலி ஜாடியைப் பார்த்தாள். மிட்டாயும் இல்லாமல் இவர்கள் எதற்காக வெயிலில் நிற்கிறார்கள்? இதற்கு எந்தப் பாடத்திலும் விடை இல்லை. "போதும்னு சொல்லி அனுப்பிடு. வந்த வரைக்கும் நல்லதா நாப்பது எடுத்துக்கலாம்" என்றாள்.

ஜெயபிரகாஷ் மறுபடியும் ஸ்டூல்மேல் ஏறினான். "இதோட முடிஞ்சிச்சி. எல்லாரும் போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான். வரிசை ஒரு அலறலோடு முன்னால் பாய்ந்தது. கயிறு அறுந்தது. மேசை நகர்ந்து கேசியாவின் நெஞ்சில் இடித்தது. "வெடிகாலத்துல கிளம்பி வந்தோம், இப்ப முடிஞ்சிச்சின்னா எப்பிடி?" என்று ஒருவர் கத்தினார். "கொழந்த கீது மேடம், கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்று ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். ரத்தினம்மா சோடா பாட்டில்களைக் கட்டிக்கொண்டு காப்பாற்றினாள்.

"எல்லாருக்கும் உண்டு" என்று உயிர் போகிற மாதிரி கத்தினான் ஜெயபிரகாஷ். "எல்லாருக்கும் சீட்டு உண்டு. நில்லுங்க."

எல்லோரும் நின்றார்கள். மறுபடியும் நூல் பிடித்தது போல வரிசை. மீதித் தாள்களையும் கிழித்து அத்தனை பேருக்கும் எண் கொடுத்து முடித்தபோது, ஒரு ஆட்டோ வந்து நின்று ஸ்வர்ணலதா மேடம் இறங்கினார்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையை முன்னிருந்து பின் வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இவங்கல்லாம் யாரு?"

"ரெண்டாவது ரவுண்டு மேடம்" என்றான் ஜெயபிரகாஷ்.

"நாப்பதுன்னு சொன்னீங்க."

"ஆர்வமா வந்துட்டாங்க மேடம்."

கேசியா எழுந்து நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. "மேடம், அந்த அடையாளம் விஷயத்துல..." என்று ஆரம்பித்தாள். ஜெயபிரகாஷ் அவள் காலை நன்றாக மிதித்தான்.

"நீ இரு, நானே கேக்கறேன்." மேடம் வரிசையில் நின்ற ஒரு ஆளிடம் போனார். போன வருஷத்துச் சாம்பாரை அவர் இன்னும் மறக்கவில்லை. "நெஜம் சொல்லுங்க. நேத்து இந்தப் பொண்ணு உங்ககிட்ட கேள்வி கேட்டுச்சா?"

அந்த ஆள் கேசியாவைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். இவர் இன்னும் பெரிய அதிகாரி என்று புரிந்துகொண்டவர் போலக் கையைக் கூப்பினார். "கேட்டாங்கம்மா. தங்கமான பொண்ணு."

"யாராவது இப்பிடித்தான் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"யாரும் சொல்லலம்மா."

"எவ்ளோ நேரமா நிக்கிறீங்க? கால் வலிக்கலயா?"

"வலியா? நிக்கறதே புண்ணியம்மா."

இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டார். நாலைந்து பேரும் வலியே இல்லை, நிற்பதே சந்தோஷம், காசு கொடுத்து முன்னால் போவதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டோம் என்றார்கள். மேடம் திரும்பி வந்து நேற்றைய தாள்களையும் இன்றைய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேசியா."

"மேடம்."

"நேத்து இதே ஆளுங்க வரிசைன்னாலே வேணான்னாங்க. இன்னிக்கு வெயில்ல நின்னுக்கினு சிரிக்கிறாங்க. இதுக்கு என்னா அர்த்தம் தெரியுமா?"

கேசியாவுக்குத் தெரியவில்லை.

"ரசனை மாறாதுன்னு வெச்சித்தான் நாம பாடமே நடத்தறோம். ஒரு தரிசனம் மனுஷனோட ரசனையவே மாத்திடுதுன்னு நீங்க நிரூபிச்சிக்கிறீங்க." மேடத்தின் குரல் தழுதழுத்தது. "இருவது வருஷமா இந்த மாதிரி ஒரு ப்ராஜெக்ட் வரும்னு காத்துக்கினு இருந்தேன். இது வைவாவோட நிக்கற விஷயம் இல்ல. டெல்லி கருத்தரங்குக்கு அனுப்பலாம். என் பேரையும் கூடப் போட்டுக்கலாம், ஒண்ணும் தப்பில்ல."

"முதல்லயே போடலாம் மேடம்" என்றான் ஜெயபிரகாஷ்.

கேசியாவின் கண் நிறைந்தது. ஐதராபாத் போகிறாள். நைனா தலை நிமிர்ந்து சபைக்குப் போகலாம். உறுத்திக்கொண்டிருந்த மனசாட்சியும் மேடத்தின் கண்ணீரைப் பார்த்துக் கொஞ்சம் அடங்கியது. ஒருவேளை இவர்கள் எல்லோரும் நேற்றைய ஆட்களாகவே இருக்கலாம். அவள்தான் எண்ணுவதில் தப்பு செய்திருக்கலாம்.

மேடம் மேசை முன்னால் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பினார். ‘இரண்டாம் சுற்றை நேரில் பார்வையிட்டேன்’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

அப்போது, தயவு பண்ணச் சொல்லிக் கும்பிட்ட அந்தப் பெண், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையிலிருந்த சீட்டை இரண்டு விரலால் பத்திரமாகப் பிடித்தபடி மேடத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரிய மேடம், காலைல திருத்தணியில மொட்ட போட்டுக்கினு நேரா இங்க வந்து நிக்கிறோம், கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொல்லிட்டோம், இந்த டோக்கனுக்கு மலைல சாமி பாக்கறது இன்னிக்கா, நாளைக்கா?"